எறும்பீஸ்வரர் ஊரில் நாலு மில்லிமீட்டர்

அக்காவிடமிருந்து போன் வந்தால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். நல்ல சேதி என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு பிள்ளையார் படத்தோடு முடித்துக்கொள்வாள். போன் என்றால் பிரச்னை.

"இவன் வேலையை விட்டுடுவான் போலிருக்குடா. முதலாளிகிட்ட சண்டை. என்னன்னு கேட்டா நாலு மில்லிமீட்டர்ங்கறான். நாலு மில்லிமீட்டருக்காக யாராவது வேலையை விடுவாங்களா? தை மாசம் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு! நீ வந்து ரெண்டு புத்தி சொல்லு."

புத்தி சொல்வது எனக்குப் பிடித்தமான காரியம். செலவில்லாதது. ரிட்டயரான பிறகு அதற்கும் ஆள் கிடைப்பதில்லை. அன்றிரவே எழும்பூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் ஸ்ரீரங்கத்தில் இறங்கிவிட்டேன்.

அக்கா பையன் துவாக்குடியில் ஒரு ஷெட்டில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறான். எந்த ஷெட் என்பது வேண்டாம். காபி டம்ளரைக் கையில் வாங்கியதுமே நான் ஆரம்பித்தேன். "முதலாளின்னா கொஞ்சம் அனுசரிச்சு..."

"வீட்ல பேச வேணாம் மாமா. ஷெட்டுக்கு வாங்க. கண்ணால பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்கறேன்" என்று பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், 'வந்தவுடனே தோத்துட்டியா?' என்று இருந்தது.

* * *

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பாலக்கரை, பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் என்று தஞ்சாவூர் ரோட்டில் பஸ் போகும். மலைக்கோட்டையையும் காவிரியையும் பார்த்துவிட்டுத் திருச்சியைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் இந்த ரோட்டில் ஒருமுறை போக வேண்டும். இது இரும்புத் திருச்சி. வலது பக்கம் உள்ளே பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பை 1928-ல் இங்கே கொண்டுவந்தார்கள். அன்றைக்குப் பிடித்தது ஊருக்கு இந்த இரும்புப் பித்து.

மலைக்கோவில் ஸ்டாப்பில் பஸ் நின்றது. சின்னக் குன்று, மேலே கோயில். பக்கத்து சீட் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எறும்பீஸ்வரர் சார். தேவர்கள் எறும்பா வந்து கும்பிட்டாங்க. லிங்கம் வழுவழுன்னு இருந்ததால எறும்பால ஏற முடியலை. சாமி பார்த்தாரு, தானே ஒரு பக்கம் சாஞ்சு குடுத்தாரு. இப்பவும் லிங்கம் சாஞ்சுதான் இருக்கும். அதான் திருவெறும்பூர்!"

எறும்புக்காகச் சாய்ந்து கொடுத்த சாமி! மருமகனுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா? கதையை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது பாய்லர் பிளான்ட். பெல் என்று உலகம் சொல்லட்டும், உள்ளூர்க்காரர்களுக்கு அது பாய்லர் பிளான்ட்தான். 1960-களில் செக்கோஸ்லோவாகியாவின் துணையோடு வந்தது. 1993-லிருந்து அந்த நாடே இரண்டாகிப் போனது. ஆலை ஒன்றாகவே இருக்கிறது! 1975-ல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தையும் இங்கே ஆரம்பித்தார்கள். பெரிய ஆலைக்கு வேண்டிய உதிரி வேலைகளைச் செய்ய, அதைச் சுற்றித் துவாக்குடி வரை நூற்றுக்கணக்கில் ஷெட்கள் முளைத்தன.

நடுவில் கஷ்டகாலமும் வந்தது. அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பல ஷெட்களில் பூட்டுத் தொங்கியது. தாக்குப் பிடித்தவர்கள் ரசாயன ஆலை, எண்ணெய் ஆலை என்று வேறு வேலை தேடிக்கொண்டார்கள். நம்ம பையனின் முதலாளி அப்படித் தாக்குப் பிடித்தவர்.

* * *

ஷெட் வாசலில் இறங்கும்போதே காது அடைத்தது. கிரைண்டர் சத்தம், சுத்தியல் சத்தம், நடுநடுவே நீலமாய் ஒரு மின்னல். உள்ளே ஆளுயரத்தையும் தாண்டிய உருளை. தகட்டை வளைத்து வைத்திருந்தார்கள். இரண்டு விளிம்பும் சேரும் இடம் மட்டும் வாய் பிளந்திருந்தது.

முதலாளி அந்தக் காலத்து வெல்டர். இரண்டு முன்னங்கையிலும் தீப்பொறி வடு. என்னைப் பார்த்ததும் ஆள் கிடைத்தது என்று பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், நீங்களே நியாயம் சொல்லுங்க. பிளேட் வளைச்சாச்சு. வெல்டர் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். தம்பி கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. என்ன காரணம்? நாலு மில்லிமீட்டர்! ஒரு அரிசி நீளம் கூட இல்லை. எறும்புக்காக சாமியே சாஞ்சு குடுத்த ஊர் சார் இது. நாலு மில்லிமீட்டருக்கு இவர் சாய மாட்டேங்கறாரு!"

போச்சு. என் கதையை அவர் எடுத்துக்கொண்டார். நான் வெறுங்கையனாக மருமகனைப் பார்த்தேன்.

"சாமி சாஞ்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது சார்" என்றான் அவன். "வெஸ்ஸல் சாஞ்சா?"

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்று முதலாளி ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

* * *

எதிர் டீக்கடையில் உட்கார வைத்து மருமகன் விளக்கினான். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த மாதிரி வேலையில் நேரடியாக ஜாப்பில் கை வைக்கக் கூடாது. முதலில் அதே வகை இரும்பில் ஒரு துண்டுத் தகடு எடுத்து வெல்டிங் போட வேண்டும். அதற்குக் கூப்பன் என்று பெயர். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எந்த ராடு, என்ன வேகம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கூப்பனை அறுத்து, இழுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, உடைத்துப் பார்த்து, தேறினால் அந்தக் காகிதம் செல்லும். ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கச் சங்கத்தின் விதிநூலில் ஒன்பதாம் பகுதி முழுக்க இதே சமாசாரம்தான்.

அந்தக் காகிதம் எந்தக் கனம் வரைக்கும் செல்லும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 12 மில்லிமீட்டர் கூப்பன் போட்டால் அதிகபட்சம் இரண்டு மடங்கு, அதாவது 24 மில்லிமீட்டர் வரை. ஷெட்டில் இருந்தது அந்த 12 மில்லிமீட்டர் காகிதம். வந்திருக்கும் ஜாப் 28. அதுதான் அந்த நாலு மில்லிமீட்டர்.

"நாலுதானேடா? இருபத்தெட்டு என்ன யானையா?" என்றேன்.

"கொல்லுப் பட்டறையில அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணில தோய்ப்பாங்களே, எதுக்கு மாமா?"

"கெட்டிப்படறதுக்கு."

"கெட்டிப்படும். ஆனா ரொம்பப் போச்சுன்னா கண்ணாடி மாதிரி ஒடியும். கனமான தகடு அந்தத் தண்ணித் தொட்டி மாதிரி. வெல்டிங் சூட்டைச் சட்டுனு உறிஞ்சிடும். பக்கத்துல இருக்கிற இரும்பு நமக்குத் தெரியாமலே தோய்ச்செடுத்த இரும்பாயிடும். மெல்லிசுத் தகட்டுல நல்லா வந்த அதே வெல்டிங் கனமானதுல வேற மாதிரி வரும்."

"அப்ப சூட்டை ஏத்திட வேண்டியதுதானே?"

"அதுக்கும் ஒரு வரம்பு இருக்கு மாமா. இஸ்திரிப் பெட்டி ஒரே சூடுதான். கை ஓடிக்கிட்டே இருந்தா மடிப்பு விழும், நின்னா சட்டை கருகும். வெல்டிங்லயும் கரண்ட் மட்டும் கணக்கில்லை, கை வேகமும் கணக்கு."

டீக்கடைப் பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டான். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கு, அறுபதால் பெருக்கு, நிமிஷத்துக்குக் கை எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறதோ அதால் வகு. 24 வோல்ட், 110 ஆம்பியர், வேகம் 66 என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 2400 ஜூல் சூடு. அதே மெஷின், அதே கரண்ட், வெல்டரின் கை மட்டும் அசந்து 44 ஆனால் 3600! சூடு அதிகமானால் இரும்பின் மணிகள் பெருத்துப் போகும். பார்க்கப் பளபளவென்றிருக்கும், குளிரில் அடி பட்டால் உதிரும். இந்த வெஸ்ஸலோ பூஜ்யத்துக்குக் கீழே 46 டிகிரி வரை தாங்க வேண்டியது. அதனால்தான் சூட்டுக் கணக்கு இவ்வளவு கெடுபிடி.

"போட்டப்புறம் எக்ஸ்ரே எடுக்கத்தானே போறாங்க? கோளாறு இருந்தா தெரிஞ்சுடுமே!"

"எக்ஸ்ரேல எலும்பு தெரியும் மாமா. குணம் தெரியுமா?"

பதில் இல்லாமல் டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

அவனே தொடர்ந்தான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் கிங் ஸ்ட்ரீட் பாலம் என்று ஒன்று. 1961-ல் திறந்தார்கள். 1962 ஜூலை 10 காலை ஒரு பாரவண்டி ஏறியதும் பாலம் தொய்ந்து இறங்கியது. ஜூலை அங்கே குளிர்காலம். அடியில் சுவர் இருந்து தாங்கியதால் உயிர்ச்சேதமில்லை. விசாரணை நடத்திப் பார்த்தால், விரிசல் அன்றைக்கு வந்ததல்ல. உத்தரத்தின் அடியில் கூடுதல் தகடு வைத்து வெல்டிங் போட்ட ஓரத்தில், இரும்பு கெட்டிப்பட்டுப் போன இடத்தில், தொழிற்சாலையிலேயே பிறந்திருக்கிறது. குளிரும் பாரமும் சேரும் நாளுக்காகக் காத்திருந்தது.

"பாலம் போனா விழும் மாமா. பிரஷர் வெஸ்ஸல் போனா வெடிக்கும்."

விதி என்றால் நமக்கு எப்போதும் யாரோ வேலையற்றவன் எழுதியது போலத் தோன்றும். ஆனால் 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல பேர் செத்தபிறகுதான் மறுவருஷம் வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்தது. அமெரிக்காவில் பிராக்டன் என்ற ஊரில் 1905 மார்ச் 20-ம் தேதி ஒரு ஷூ பாக்டரி பாய்லர் வெடித்து 58 பேர் போனார்கள். பிறகுதான் ஏ.எஸ்.எம்.இ. சங்கம் தன் பாய்லர் விதிகளை எழுதியது. மையில் எழுதிய விதி மாதிரி தெரிகிறது; தொட்டது வேறு திரவம்.

* * *

எனக்கு இப்போது தர்மசங்கடம். அக்காவுக்காக வந்தவன், நியாயம் பையன் பக்கம். முதலாளியையும் வில்லன் என்று சொல்ல முடியவில்லை. பாங்க் கடன், பூட்டிக் கிடந்த வருஷங்கள், வாசலில் நிற்கும் பத்துப் பதினைந்து குடும்பங்கள்.

"சரிடா, புது கூப்பன் போட எத்தனை நாள்?"

"பத்து நாள். ஒரு பிளேட், ராடு, லேப் பில்."

"அதை அவர்கிட்ட சொன்னியா?"

"'இது முடியாது'ன்னு சொன்னேன் மாமா. ஒரு வாரமா சொல்றேன்."

"முடியாதுன்னு சொன்னே. எப்படி முடியும்னு சொன்னியா?"

பையன் முதல் தடவையாக வாயை மூடினான். வந்த காரியத்தில் பாதி முடிந்த திருப்தி எனக்கு! பிறகு மெதுவாகச் சொன்னான். "ஒரு வழி இருக்கு. ஸ்கிராப் பக்கத்துல இதே கிரேடு 40 மில்லிமீட்டர் பிளேட் ஒண்ணு கிடக்கு, சர்டிபிகேட்டோட. அதுல போட்டா..."

ஆபீஸ் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மருமகன் அட்டவணையைப் பிரித்து வைத்தான்.

"சார், 37-ல டெஸ்ட் போட்டா 74 வரைக்கும்தான். ஆனா 38-ஐத் தொட்டுட்டா 200 வரைக்கும் செல்லும். நம்ம 40-ல போடுவோம். அடி வரம்பு 16. பதினாறுலேர்ந்து இருநூறு!"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருநூறா? ஒரு மில்லிமீட்டர் கூடினா அப்படித் தாவுமா? அதெப்படிய்யா?"

"ஒரு அளவுக்கு மேல கனம் கூடினாலும் சூடு உறிஞ்சற வேகம் பெரிசா மாறாது சார். காவிரில ஒரு சொம்பு வெந்நீரை ஊத்தறோம். ஆத்துல பாதித் தண்ணி போனா என்ன, கரை புரண்டா என்ன, சொம்புக்கு ஒண்ணுதானே?"

முதலாளி கண்ணில் வெளிச்சம் வந்தது. அது காவிரிக்காக வந்ததா, இருநூறு மில்லிமீட்டர் ஆர்டர்களுக்காக வந்ததா என்று நான் ஆராயவில்லை. வாடிக்கையாளருக்குப் போன் போட்டார். மறுமுனையில் என்ன திட்டினார்களோ, இவர் முகம் நாலு தடவை மாறியது. வைத்துவிட்டுச் சொன்னார்: "பத்து நாள்தான். பதினோராவது நாள் கேட்டா உன்னையே வெஸ்ஸலுக்குள்ள வெச்சு வெல்டு பண்ணிடுவேன்."

* * *

இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லி வந்தவன் அக்கா வீட்டு வத்தக்குழம்புக்கு அடிமையாகித் தங்கிவிட்டேன். கூப்பன் போடும் நாள் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

தகட்டைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். கீழிருந்து மேலே ஏறும்போதுதான் கை மெதுவாகப் போகும், சூடு அதிகம் ஏறும். அதில் தேறினால் மற்ற நிலைகளுக்கும் செல்லுமாம். ராடுகளைச் சுடச்சுட ஒரு சின்ன அடுப்பில் வைத்திருந்தார்கள். ஈரம் பட்ட அப்பளம் மாதிரி ராடும் நமுத்துவிடும். அந்த ஈரம் வெல்டிங்கில் புகுந்தால் விரிசல்.

வெல்டர் ஐம்பது வயதுக்காரர். மருமகன் ஒரு கையில் ஸ்டாப் வாட்ச், மறு கையில் டாங் டெஸ்டரோடு நின்றதைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, கொஞ்சம் சூடாவே போட விடு. இன்னிக்கு நீ என்ன எழுதறியோ அதுதான் நாளைக்கு என் தலைக்கு மேல கூரை. கம்மியா எழுதிட்டேன்னா ஜாப்புல நான் குனிஞ்சுக்கிட்டே வேலை பார்க்கணும்."

"கூரையை ரொம்ப ஏத்தினா லேப்ல இடிஞ்சு விழுந்துடும்ணே!"

காய்கறிக் கடை மாதிரி பேரம் நடந்தது. கூப்பனில் கொடுத்த சூட்டை ஜாப்பில் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. குறைத்து டெஸ்ட் போட்டால் வேலை நடக்காது, கூட்டிப் போட்டால் டெஸ்ட் தேறாது. கடைசியில் 2400-ஐ ஒட்டி நிற்பது என்று முடிவு. மருமகன் தகட்டு ஓரத்தில் சாக்பீஸால் கோடுகள் போட்டான். ஒரு ராடு தீர்வதற்குள் கை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டைத் தொட்டுவிட வேண்டும். கால்குலேட்டர் வேண்டாம், கோடு போதும்.

வெல்டரும் லேசுப்பட்டவரா? அன்று முழுக்க ஒரு கோடும் தப்பவில்லை. சாயங்காலம் முகமூடியைக் கழற்றியபோது சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது.

ஜாப்பைப் பின்னால் உலையில் வைத்து எடுக்க வேண்டியிருந்ததால், கூப்பனையும் அதே மாதிரி உலைக்கு அனுப்பி எடுத்தார்கள். பிறகு லேப்.

வளைத்துப் பார்க்கிற சோதனை சுலபமாக முடிந்தது. நாலு பட்டைகள் லாடம் மாதிரி வளைந்தன, விரிசல் இல்லை. அடுத்ததுதான் வயிற்றைக் கலக்கியது. சுண்டுவிரல் அளவுத் துண்டுகள்: பத்துக்குப் பத்து, நீளம் 55 மில்லிமீட்டர், நடுவில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கீறல். மூன்று துண்டுகள் வெல்டிங்கிலிருந்து, மூன்று வெல்டிங்கை ஒட்டி உருகாமல் வெந்துபோன ஓரத்திலிருந்து. மைனஸ் 46 டிகிரிக் குளியலில் ஊறப் போட்டார்கள். இடுக்கியால் எடுத்த ஐந்தே வினாடிக்குள் அடிக்க வேண்டும். கனமான ஊசல் ஒன்று மேலிருந்து வீசி வந்து உடைக்கும். துண்டு சோப்ளாங்கி என்றால் ஊசல் 'சும்மா' போய்விடும். திடமானது என்றால் ஊசலை இழுத்துப் பிடிக்கும். வாடிக்கையாளர் கேட்டது சராசரி 27 ஜூல்.

வெல்டிங் துண்டுகள் மூன்றும் ஐம்பதுக்கு மேல் காட்டின. மருமகன் மூச்சு விட்டான். ஓரத்துத் துண்டுகள்: 44... 38... மூன்றாவதை எடுக்கும்போது முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

'டொக்!'

"நாற்பத்தொண்ணு" என்றார் லேப்காரர், சாம்பாரில் உப்பு சரி என்கிற குரலில்.

* * *

திரும்பும் வழியில் மலைக்கோவில் ஸ்டாப்பில் காரை நிறுத்தச் சொன்னார் முதலாளி. படியேறினோம். எறும்பீஸ்வரர் சாய்ந்துதான் இருக்கிறார். கும்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். தூரத்தில் பாய்லர் பிளான்ட் சிம்னி.

"நானும் வெல்டரா இருந்தப்ப இதே மாதிரி ஒருத்தன் நோட்டைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே நிப்பான் சார்" என்றார் முதலாளி. "திட்டாத நாள் கிடையாது. ஆனா நான் போட்டது எதுவும் இன்னி வரைக்கும் வெடிச்சதில்லை. அவன் பேரு கூட மறந்துபோச்சு." கொஞ்ச நேரம் கை வடுக்களைத் தடவிக்கொண்டிருந்தார். "தம்பி, நாளைக்குக் காலையில ஜாப்பை ஆரம்பி. கோடு போட சாக்பீஸ் ஒரு டப்பா வாங்கிக்க."

அன்றிரவு அக்கா கேட்டாள். "புத்தி சொன்னியாடா?"

"சொன்னேனே. அவர் கொஞ்சம் சாஞ்சார், இவன் கொஞ்சம் சாஞ்சான்."

"அந்த நாலு மில்லிமீட்டர்?"

"அது சாயலை அக்கா. அது சாயக் கூடாது."

அவளுக்குப் புரியவில்லை. பையன் வேலையில் இருக்கிறான் என்பது புரிந்தது. இன்னொரு கரண்டி வத்தக்குழம்பு விழுந்தது.

போன வாரம் மருமகன் கல்யாணப் பத்திரிகையோடு முதலாளியைப் பார்க்கப் போனானாம். மஞ்சள் தடவிய பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னாராம்:

"தைரியமா இரு தம்பி. ஆனா ஒண்ணு, இதுக்கெல்லாம் டெஸ்ட் கூப்பன் கிடையாது. நேரா ஜாப்தான்!"